வால்ற்றர் கோன் கண்ட வழி: இலத்திரன் அமைப்பும் உலோக மேற்பரப்பும்

இரசாயனம் என்றவுடன் கண்ணாடிக் குழாய்களும் அமிலப் போத்தல்களுமே மாணாக்கர் மனத்தில் தோன்றும். ஆயின், குழாயைக் கையால் தொடாது, தாளும் எழுதுகோலும் கொண்டே இரசாயனத்தின் அடிப்படையை ஆராய்வாரும் உளர். பொருள்கள் ஏன் ஒன்றோடொன்று கூடுகின்றன, சில ஏன் கூட மறுக்கின்றன, உலோகத்தின் மேற்பரப்பிலே வாயு படியும்போது யாது நிகழ்கின்றது என்னும் வினாக்களுக்கு, இலத்திரன்களின் ஒழுங்கை ஆராய்ந்து விடை காண்பது அன்னார் தொழில். இத்துறையில் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலே புதுவழி வகுத்தவர் வால்ற்றர் கோன் என்பார். 1998 ஆம் ஆண்டில் இரசாயனத்துக்குரிய நொபெல் பரிசை ஜோன் போப்பிள் என்பாரோடு பகிர்ந்து பெற்றவர் இவர். எனினும், பல்கலைக்கழகத்தில் இரசாயன வகுப்பு ஒன்றிலேனும் இவர் அமர்ந்ததில்லை. அஃது ஏன் நேர்ந்தது என்பதும், அவர் கண்ட வழி யாது என்பதும் இக்கட்டுரையிற் கூறப்படும்.

இளமையும் ஆசிரியரும்

கோன் 1923 ஆம் ஆண்டு மார்ச்சு 9 ஆம் நாள் வியன்னா நகரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்தார். தந்தையார் சித்திர அஞ்சலட்டைகளை வெளியிடும் வணிகம் நடத்தியவர். பள்ளியிலே கோன் பெரிதும் விரும்பிய பாடம் இலத்தீன். அம்மொழியின் கட்டுக்கோப்பும் சொற்சுருக்கமும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. கணிதத்தில் அவருக்கு நாட்டமுமில்லை; அப்பாடத்தில் அவர் பெற்றது மூன்றாந்தரப் புள்ளியே.

1938 ஆம் ஆண்டு ஹிட்லரின் படை ஆஸ்திரியாவைக் கைப்பற்றியது. யூத மாணவர் தம் பள்ளிகளினின்றும் விலக்கப்பட்டனர். கோன் யூதர்க்கெனவுள்ள பள்ளியொன்றிற் சேர்ந்தார். அங்கே பௌதிகம் கற்பித்தவர் எமில் நோகெல். முன்னாளில் பிராகா நகரிலே ஐன்ஸ்ரைனிடம் உதவியாளராக இருந்தவர். கணிதம் கற்பித்தவர் விக்ரர் சபாத். பள்ளிச் சுவருக்கு வெளியே கொடுமை தலைவிரித்தாட, சுவருக்கு உள்ளே இவ்விருவரும் தத்தம் பாடத்தை ஆழ்ந்த அன்போடு கற்பித்து வந்தனர். கணிதத்தை வெறுத்த மாணவன் விஞ்ஞானத்தின்பாற் காதல் கொண்டது இவர்களாலேயே. பிற்காலத்தில் தம் வாழ்க்கைக் குறிப்பை எழுதிய கோன், தம் விஞ்ஞான ஆர்வத்தின் தொடக்கம் இவ்விருவருக்கும் உரியது என நன்றியோடு பதிவு செய்துள்ளார். இருவரும் நாசிகளாற் கொல்லப்பட்டனர் என்பது நினைக்குந்தோறும் நெஞ்சை வருத்துவது.

மூடிய கதவு

1939 ஆகஸ்ட்டில், உலகப் போர் மூளுவதற்குச் சில வாரங்களின் முன், யூதச் சிறுவரைக் காக்கும் ஏற்பாட்டினால் கோன் இங்கிலாந்து சேர்ந்தார். பெற்றோர் பின்தங்கினர், அவர்கள் பின்னர் அவுஷ்விற்ஸ் கொலைமுகாமில் மாண்டனர். 1940 இலே, ஜேர்மானியக் கடவுச்சீட்டு உடையோர் அனைவரையும் பகைநாட்டார் எனக் கருதிய ஆங்கில அரசு, பதினேழு வயதினரான கோனையும் காவலில் வைத்துக் கனடாவுக்குக் கப்பலேற்றியது.

அம்முகாமிலும் கல்வி நின்றுவிடவில்லை. சிறைப்பட்டோருள் இருந்த கற்றறிந்தோர் இளைஞர்க்கு வகுப்பு நடத்தினர். மரம் வெட்டும் வேலைக்கு நாளொன்றுக்கு 20 சதம் கூலி கிடைத்தது. அக்கூலியைக் கொண்டு கோன் வாங்கியவை இரண்டு நூல்கள்: ஹாடி இயற்றிய தூய கணித நூலும், சிலேற்றர் இயற்றிய இரசாயனப் பௌதிக நூலும்.

1942 இல் விடுதலை பெற்று ரொறொன்ரோ பல்கலைக்கழகத்தை அடைந்தார். இரசாயனக் கட்டடத்திலே போர்ச் சார்பான இரகசிய ஆய்வுகள் நடைபெற்றன. பகைநாட்டார் என்ற பெயர் தாங்கிய மாணவன் அதனுள் நுழைதல் ஆகாது என்றனர். கணிதத் துறைத் தலைவர் சாமுவேல் பீற்றி முதலானோர் பரிந்து, இரசாயனம் பயிலாமலே கணிதமும் பௌதிகமும் கற்க வழிசெய்தனர். இவ்வாறு மூடிய கதவே, ஐம்பத்தாறு ஆண்டுகளின் பின் இரசாயனப் பரிசாகத் திறந்தது.

பின்னர் ஹாவாட் பல்கலைக்கழகத்திலே யூலியன் சுவிங்கரிடம் பயின்று 1948 இற் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1950 முதல் 1960 வரை பிற்ஸ்பேக்கிலுள்ள கார்நெகித் தொழினுட்பக் கழகத்திலும், அதன்பின் கலிபோணியாப் பல்கலைக்கழகத்தின் சன் டியாகோ வளாகத்திலும் பணியாற்றினார்.

இலத்திரன்களின் பெருக்கம்

இனிப் பொருளுக்கு வருவோம். 1926 இல் வியன்னாவிற் பிறந்த சுரோடிங்கர் அமைத்த சமன்பாடு, இலத்திரன்களின் நிலையைக் கூறவல்லது. ஐதரசன் அணுவில் ஓர் இலத்திரனே உண்டு. அதற்குச் சமன்பாட்டைத் தீர்ப்பது எளிது. இலத்திரன்கள் பலவாயின் இடர் தொடங்குகின்றது. ஒவ்வோர் இலத்திரனும் ஏனையவற்றைத் தள்ளுவதால், ஒன்றைத் தனியே பிரித்துக் கணிக்க இயலாது.

இடரின் அளவை ஒரு கணக்கினாற் காட்டுவோம். ஓர் இலத்திரனின் இடத்தைக் குறிக்க நீளம், அகலம், உயரம் என மூன்று எண்கள் வேண்டும். ஒவ்வொன்றையும் பத்துப் புள்ளிகளிற் குறிப்பதாயின், ஓர் இலத்திரனுக்கு 1000 எண்கள் போதும். பத்து இலத்திரன்களை ஒருங்கே கூறுவதாயின், 1 என்னும் எண்ணை அடுத்து 30 சுழியங்கள் இட்டால் வரும் தொகை வேண்டும். நீரின் மூலக்கூறு ஒன்றில் உள்ள இலத்திரன்கள் பத்தே. ஒரு துளி நீருக்கும் அல்ல, ஒரு மூலக்கூறுக்கே இந்நிலை. இத்தனை எண்களை எழுதி வைக்கவும் உலகில் இடமில்லை.

அடர்த்தியே போதும்

1963 இன் இலையுதிர் காலத்திலே கோன் பாரிஸ் நகரில் விடுமுறை ஆய்வில் இருந்தார். கலப்புலோகங்களிலே இலத்திரன்கள் எவ்வாறு பரவியுள்ளன என்ற வினா அவரைப் பற்றிக்கொண்டது. ஒவ்வோர் இலத்திரனும் எங்கே உள்ளது எனக் கேளாமல், ஒவ்வோர் இடத்திலும் இலத்திரன் எத்துணைச் செறிவாக உள்ளது எனக் கேட்டால் என்ன? இச்செறிவே இலத்திரன் அடர்த்தி எனப்படும். இலத்திரன்கள் பத்தாயினும் பதினாயிரமாயினும், அடர்த்தியைக் குறிக்க மூன்று திசைகளே போதும்.

பியர் ஹோகென்பேர்க் என்பாரோடு சேர்ந்து 1964 இல் அவர் நிறுவிய தேற்றம் இது: ஒரு பொருள் தன் தாழ்ந்த சக்தி நிலையில் இருக்கும்போது, அதன் இலத்திரன் அடர்த்தி ஒன்றே அதன் சக்தியையும் பிற இயல்புகளையும் முற்றாக நிருணயிக்கும். இது வியப்பாகத் தோன்றலாம். எண்ணிப் பார்த்தால் விளங்கும். அடர்த்தி முழுவதையும் கூட்டினால் இலத்திரன்களின் தொகை கிடைக்கும். அடர்த்தி கூர்முனையாக எழும் இடங்கள் அணுக்கருக்கள் இருக்கும் இடங்களாம். அக்கூர்மையின் அளவோ கருவின் ஏற்றத்தைக் கூறும். கருக்களும் இலத்திரன் தொகையும் தெரிந்தபின் அப்பொருளைப் பற்றி அறிய எஞ்சியது யாது?

அடுத்த ஆண்டு, 1965 இல், லூ யூ ஷாம் என்பாரோடு சேர்ந்து இத்தேற்றத்தைக் கணிப்புக்கு உரியதாக்கினார். ஒன்றையொன்று தள்ளாத கற்பனை இலத்திரன்களை எடுத்து, உண்மைப் பொருளின் அடர்த்தியையே அவை தருமாறு அமைப்பது அம்முறை. ஒரு சிறு பகுதிச் சக்தியின் வடிவம் மட்டும் அறியப்படாது எஞ்சும். அதனை உத்தேசமாகக் கொள்ளல் வேண்டும். அவ்வுத்தேசம் பல ஆண்டுகளாகத் திண்பொருள்களுக்கு நன்கு பொருந்தியும், மூலக்கூறுகளுக்குப் போதாமலும் இருந்தது. 1980 களிலே திருத்தங்கள் செய்யப்பட்ட பின்னரே இரசாயனர் இதனை மனமுவந்து ஏற்றனர்.

உலோகத்தின் விளிம்பு

பொருளின் உள்ளே அணுக்கள் எப்பக்கமும் சூழ நிற்பவை. மேற்பரப்பிலோ ஒருபக்கத் துணையின்றி நிற்பவை. துரு ஏறுவதும், ஊக்கிகள் செயற்படுவதும் இவ்விளிம்பிலேயே. 1970, 1971 ஆம் ஆண்டுகளில் நோர்ட்டன் லாங் என்பாரும் கோனும் இவ்விளிம்பைப் புதிய முறையால் ஆராய்ந்தனர். உலோகத்தின் நேரேற்றத்தைக் களிபோல் ஒருசீராகப் பரப்பி, விளிம்பிலே இலத்திரன்கள் யாது செய்யும் எனக் கணித்தனர். இலத்திரன்கள் விளிம்பைத் தாண்டிச் சிறிதளவு வெளியே கசியும். உள்ளே அவற்றின் அடர்த்தி நீரலைபோல் ஏறியிறங்கித் தணியும். கசிந்தவை வெளியே எதிரேற்றமும் உள்ளே நேரேற்றமுமாக ஓர் இரட்டைப் படையை உண்டாக்கும்.

இப்படையைக் கடந்தே ஓர் இலத்திரன் வெளியேறல் வேண்டும். வெளியேறுதற்கு வேண்டிய மிகக் குறைந்த சக்தி வேலைச் சார்பு எனப்படும். சோடியம், அலுமினியம் போன்ற எளிய உலோகங்களுக்கு இவர்கள் கணித்த வேலைச் சார்பு, சோதனையிற் கண்டதோடு நூற்றுக்கு 5 முதல் 10 வரையான வித்தியாசத்திலே பொருந்தியது. அடர்ந்த உலோகங்களின் மேற்பரப்புச் சக்தியைக் களி உருவம் பிழையாகக் காட்டியபோது, அணுக்களின் ஒழுங்கையும் சேர்த்து அதனைத் திருத்தினர்.

நிறமாலை தரும் சான்று

கணிப்புச் சரியோ எனக் காட்டுவது நிறமாலையியல். உலோகத்தின்மீது ஒளிபட இலத்திரன் வெளிப்படும் என்பதை 1905 இல் ஐன்ஸ்ரைன் விளக்கினார். விழுந்த ஒளியின் சக்தியிலிருந்து, வெளிவந்த இலத்திரனின் இயக்கச் சக்தியைக் கழித்தால், அவ்விலத்திரன் உள்ளே எத்துணை இறுகப் பிணைந்திருந்தது என்பது புலனாகும். சுவீடன் நாட்டுக் காய் சீக்பான் இம்முறையைச் செம்மைசெய்து 1981 இல் நொபெல் பரிசு பெற்றார். வெளிவரும் இலத்திரன்கள் மேற்படைகளிலிருந்தே பெரும்பாலும் தப்பி வருவன ஆதலின், இம்முறை மேற்பரப்புக்கு ஏற்ற கண்ணாயிற்று.

இத்தகைய கருவிகளைக் கொண்டே ஜேர்மனியின் கெர்காட் ஏர்ட்டில், இரும்பின் மேற்பரப்பில் அமோனியா உண்டாகும் வகையைப் படிப்படியாக விளக்கினார். நைதரசன் மூலக்கூறு இருகூறாகப் பிளத்தலே அங்கு மிக மெதுவான படி என்பதும் அவர் காட்டியது. 2007 ஆம் ஆண்டின் இரசாயன நொபெல் பரிசு அவருக்குரியதாயிற்று. நம் வயல்களுக்கு இடும் யூரியா அவ்வமோனியாவிலிருந்தே பிறப்பது. இன்று இத்தகைய படிகளின் சக்தியைக் கணிக்க ஆய்வாளர் கையாள்வது பெரும்பாலும் கோன் வகுத்த முறையையே.

நாம் கொள்ளத்தக்கவை

கோன் 1979 இலே சான்ரா பாபராவிற் கொள்கைமுறைப் பௌதிக நிறுவனத்தின் முதற் பணிப்பாளரானார். 2016 ஏப்பிரல் 19 ஆம் நாள், 93 ஆம் வயதிற் காலமானார். அவர் வரலாற்றினின்றும் நம் கல்லூரி கொள்ளத்தக்கவை இரண்டு.

ஒன்று, மாணாக்கன் ஒருவனை ஒரு தேர்வின் புள்ளி கொண்டு அளந்து, இவன் கலைக்கு உரியன், இவன் விஞ்ஞானத்துக்கு ஆகான் என முத்திரை குத்துதல் தகாது. இலத்தீனின் சுருக்கத்தை விரும்பிய உள்ளமே, எண்ணற்ற இலத்திரன்களை ஓர் அடர்த்தியாகச் சுருக்கிக் கண்டது எனல் மிகையாகாது. மொழிப் பாடத்தைப் பயனற்றதென ஒதுக்கும் விஞ்ஞான மாணாக்கரும், கணிதம் என்றாலே அஞ்சும் கலை மாணாக்கரும் இதனைச் சிந்திப்பாராக.

மற்றொன்று ஆசிரியர்க்குரியது. நோகெலும் சபாத்தும் தம் மாணவன் நொபெல் பரிசு பெறுவான் என அறியார். தாம் அடுத்த ஆண்டு உயிரோடிருப்போமா என்பதும் அறியார். எனினும் அன்றைய பாடத்தை அன்று செம்மையாக நடத்தினர். இடம்பெயர்ந்த காலத்திலே கொட்டிலிலும் மரநிழலிலும் பாடம் நடத்திய ஆசிரியரை அறிந்த நமக்கு இதன் அருமை எளிதில் விளங்கும். விழாக்காலத்திலே கட்டடங்களையும் வெற்றிக் கேடயங்களையும் எண்ணி மகிழ்தல் தகும். பழைய மாணவர் ஒவ்வொருவரும் தம்முள் ஆர்வத்தீயை முதன்முதல் மூட்டிய ஆசிரியர் பெயரை இளையோர்க்குச் சொல்லிவைத்தலும் அதனினும் தக்கதாம்.