ஜிக் வாங்கும்போது கலரை விடுங்க, எடையைப் பாருங்க

ஈசூன் பக்கம் புதுசா தூண்டில் பிடிக்கிற தம்பிங்க எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "அண்ணே, எந்தக் கலர் ஜிக் வாங்கலாம்?" கலர் ரெண்டாம்பட்சம். முதல்ல எடை.

ஜிக் என்பது கொக்கியின் கழுத்தில் கனமான உலோகத் தலை வைத்த பொய் இரை. அமெரிக்காவில் 'பாஸ் ஜிக்' என்று விற்பதில் ரப்பர் குஞ்சமும், களையில் சிக்காமல் தடுக்கும் நார்க்கற்றையும் இருக்கும். அங்குள்ள லார்ஜ்மவுத் பாஸ் களைக்குள் பதுங்கியிருக்கும் மீன்; அதற்காக ஜிக்கை அடித்தரையில் மெதுவா நகர்த்துவாங்க. இணையத்தில் பார்க்கிற பாடம் பெரும்பாலும் இதுதான்.

நம்ம லோயர் சிலேத்தார் நீர்த்தேக்கத்தில் இருப்பது பீக்காக் பாஸ். பெயரில்தான் பாஸ், உண்மையில் திலாப்பியாவின் குடும்பம், தென்னமெரிக்காவில் இருந்து வந்தது. வாலில் மயிற்பீலிக் கண் மாதிரி ஒரு கரும்புள்ளி இருக்கும், பெயருக்குக் காரணமே அதுதான். இது பகலில் கண்ணால் பார்த்து, துரத்தி வேட்டையாடும் மீன். அதனால் தரையில் ஊர்கிற ஜிக்கைவிட, ஓடுகிற ஜிக்தான் இதற்குச் சரி. மான்முடி கட்டிய ஜிக், சின்ன உலோக ஜிக், மென்பிளாஸ்டிக் மீன் கோர்த்த ஜிக் தலை, மூன்றுமே நல்லது. 5 முதல் 10 கிராம் போதும்.

இப்போ கொஞ்சம் இயற்பியல், பயப்படாதீங்க. ஜிக் மூழ்கும் வேகத்தை அதன் எடையும், நீர் அதைத் தடுக்கும் பரப்பும் சேர்ந்து தீர்மானிக்கும். ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் 11.3 கிராம், டங்ஸ்டன் 19.3 கிராம். ஆக 7 கிராம் ஈயத் தலை 0.62 கன செ.மீ. இடம் பிடிக்கும், அதே எடை டங்ஸ்டன் 0.36 தான். உருவம் சின்னது, இறக்கம் வேகம். பெரிய குஞ்சம் இருந்தால் எதிர்மாறாக மெதுவா இறங்கும். மீன் பல நேரம் ஜிக் இறங்கும்போதே கடித்துவிடும், அதனால் இறக்க வேகம்தான் உங்க கையில் இருக்கிற உண்மையான கருவி.

எறிந்ததும் மனசுக்குள் எண்ணுங்க. ஆறு எண்ணும்போது நரம்பு தளர்ந்தால் ஜிக் தரையைத் தொட்டாச்சு. அடுத்த முறை நாலிலேயே சுற்ற ஆரம்பிங்க. ரெண்டு சுற்று, ஒரு சின்ன நிறுத்தம், மறுபடி ரெண்டு சுற்று. எண்ணி முடிக்கும் முன்பே நரம்பு தளர்ந்தாலும், பக்கவாட்டில் ஓடினாலும் கடி விழுந்திருக்கு.

தரையைத் தொடாதீங்க என்று சொல்வதற்கு இன்னொரு காரணம் இருக்கு. சிலேத்தார் ஆற்றின் வாயை அணையால் அடைத்து 1986இல் முடிக்கப்பட்ட இந்த நீர்த்தேக்கத்தின் தண்ணீரைத்தான் சுத்திகரித்து நாம் குடிக்கிறோம். கல்லிலும் மரவேரிலும் சிக்கி அறுந்த ஒவ்வொரு ஜிக்கும் அங்கேயே கிடக்கும். இங்கிலாந்தில் சிறிய ஈயக் குண்டுகளை அன்னங்கள் கூழாங்கல் என்று விழுங்கி விஷமேறிச் செத்ததால் 1987இல் அவற்றின் விற்பனையைத் தடை செய்தாங்க. டங்ஸ்டன் விலை கூடுதல்தான், மாணவர் பாக்கெட்டுக்கு வலிக்கும். என் கணக்கு: பத்து ஈயத் தலை வாங்கும் இடத்தில் மூன்று டங்ஸ்டன் வாங்கி, தொலைக்காமல் பயன்படுத்துங்க.

பொதுப் பயனீட்டுக் கழகம் அனுமதித்த இடங்களில் மட்டும், பொய் இரையோடு மட்டும்தான் இங்கே தூண்டில் போடலாம். புழு, உயிர் இறால் கூடாது. பலகையைப் படிங்க. பின்னால் நடைபாதையில் ஆட்கள் போவாங்க, திரும்பிப் பார்க்காமல் எறியவே கூடாது.

"விடப் போறதை எதுக்குப்பா பிடிக்கிற?" என்று வீட்டில் பாட்டி கேட்பாங்க. நியாயமான கேள்வி. குறைந்தபட்சம் கொக்கியின் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிடுங்க. கொக்கி வாயைக் கிழிக்காமல் நொடியில் கழன்றுவரும். மூன்று கொக்கிக் கொத்து வேண்டாம், ஒற்றைக் கொக்கி போதும். கையை நனைத்துவிட்டு மீனைத் தொடுங்க, உலர்ந்த கை அதன் மேலுள்ள வழவழப்புப் படலத்தை உரித்துவிடும். நிறையக் குஞ்சுகள் சூழ நிற்கும் ஜோடியைக் கண்டால் அங்கே எறியாதீங்க. அது பசியில் கடிப்பதில்லை, குஞ்சுகளைக் காக்கத்தான் பாயும்.