மூச்சுப் பயிற்சி செய்தால் தலை சுற்றுகிறதே!

கேள்வி: எனக்கு வயது 46. கூட்டுறவு வங்கியில் காசாளர். கணக்கை முடித்து வீட்டுக்கு வந்த பிறகும் மனசு கல்லாவிலேயே கிடக்கிறது. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கமே இல்லை. பக்கத்து வீட்டு அக்கா சொன்னாரென்று யூடியூப் பார்த்து, 16 எண்ணி இழுத்து, 64 எண்ணி அடக்கி, 32 எண்ணி விட்டுப் பார்த்தேன். நாலாம் நாளே தலை சுற்றியது. விரல் நுனியெல்லாம் மரத்துப்போய், படபடப்பும் கூடியது. எனக்கு இது ஒத்துவராதா டாக்டர்?
- வாசகி, திருமங்கலம்

பதில்: ஒத்துவரும் சகோதரி. நீங்கள் எடுத்துக்கொண்டதுதான் முதல் பாடம் அல்ல. 16, 64, 32 என்பது திருமந்திரம் சொல்லும் கணக்கு. குருவின் கண் முன்னால் பல காலம் பழகியவர்களுக்கானது. அதை மூன்று நிமிட வீடியோவில் சொல்லித் தருகிறவர்களை என்ன சொல்வது!

மூச்சை அடக்கித் திணறியதும், பெரிது பெரிதாக நாலைந்து மூச்சு இழுத்திருப்பீர்கள். அப்போது ரத்தத்தில் இருக்க வேண்டிய கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறிவிடும். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கும். தலைசுற்றலும் விரல் மரப்பும் அதனால் வந்திருக்கலாம். ‘நன்றாக ஆழமாக இழு’ என்று எல்லோரும் சொல்கிறார்களே, பதற்றக்காரர்களுக்கு நான் அதைச் சொல்வதே இல்லை.

ஒன்று செய்து பாருங்கள். இடது மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக, மூன்று விரல் வைத்து நாடியைப் பிடியுங்கள். மூச்சு உள்ளே போகும்போது துடிப்பு சற்று வேகமெடுக்கும். வெளியே வரும்போது தளரும். மெல்லிய வித்தியாசம்தான், உங்கள் பிள்ளைகளின் கையில் பார்த்தால் பளிச்சென்று தெரியும். மூச்சை விடும்போது இதயத்தை நிதானப்படுத்துவது வேகஸ் நரம்பு. நமக்கு வேண்டியது அந்த விடுகிற நேரத்தைக் கொஞ்சம் நீட்டுவது, அவ்வளவுதான்.

சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, நாற்காலியில் சாய்ந்து உட்காருங்கள். ஒரு கை வயிற்றில் இருக்கட்டும். மல்லிகைப் பூவை முகர்வதுபோல மூக்கால் மெதுவாக இழுங்கள், நான்கு எண்ணும் வரை. கைக்கு அடியில் வயிறு லேசாக எழும்பினால் போதும், தோள் உயரக் கூடாது. பிறகு ஆறு எண்ணும் வரை விடுங்கள். சளி பிடித்திருந்தால் சூடான டீயை ஊதுவதுபோல உதட்டைக் குவித்து விடலாம். அடக்குவது அறவே வேண்டாம். நிமிடத்துக்குச் சுமார் ஆறு மூச்சு வரும். சாதாரணமாக நாம் விடுவது 12 முதல் 20. முதல் வாரம் மூன்று நிமிடம், பிறகு ஐந்து. திணறினால் மூன்றும் நான்குமாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பகலெல்லாம் நோட்டு எண்ணுகிறவர் நீங்கள். வீட்டிலும் எண்ணச் சொன்னால் எரிச்சல் வரலாம். இத்தாலிய மருத்துவர் லூசியானோ பெர்னார்தியின் குழு 23 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. லத்தீன் ஜெபமாலை சொன்னபோதும், ‘ஓம் மணி பத்மே ஹூம்’ சொன்னபோதும் அவர்களின் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாக இறங்கியது. ஆகவே எண்ணுவதற்குப் பதில், உங்களுக்குப் பழக்கமான பிரார்த்தனையின் ஒரு வரியை ஒவ்வொரு மூச்சை விடும்போதும் நிதானமாகச் சொல்லலாம். நடுவில் மனம் கல்லாவுக்கு ஓடும். ஓடட்டும், தெரிந்ததும் திரும்பி வாருங்கள். மூன்று மணிக்கு விழித்தால் கடிகாரத்தைப் பார்க்காமல், படுத்தபடியே இதைச் செய்யுங்கள். தூக்கம் வந்ததா என்று சோதித்துக்கொண்டே இருந்தால் வராது.

இன்னொன்று. 46 வயதில் தூக்கம் கலைவதற்கும் படபடப்புக்கும் மாதவிலக்கு நிற்கும் பருவமும், தைராய்டும், ரத்தசோகையும்கூடக் காரணமாக இருக்கலாம். அவற்றை மூச்சால் சரிசெய்ய முடியாது. தைராய்டு, ஹீமோகுளோபின், ரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்துவிடுங்கள். நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தால் கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மற்றபடி, பதினைந்து நாள் விடாமல் செய்துவிட்டு எனக்கு எழுதுங்கள், ரிப்போர்ட்டையும் சேர்த்து.