உராய்வு விலகினால்

நுழையும்முன்

இயக்க விதிகளை ஏட்டில் படிக்கிறோம். அவற்றைக் கண்ணால் காண முயலும்போது உராய்வு குறுக்கிடுகிறது. அத்தடையைக் குறைக்கும் கருவிகளை அமைக்கும் முறையையும், அளவீட்டில் காக்க வேண்டிய நேர்மையையும் இப்பாடம் விளக்குகிறது.

வண்டி கற்பிக்கும் பாடம்

கடலூர் மாவட்டத்துச் சேத்தியாத்தோப்பில் எம்.ஆர்.கே. கூட்டுறவுச் சர்க்கரை ஆலை உள்ளது. கரும்பு விளையும் அவ்வட்டாரத்து உழவர்கள் ஓர் உண்மையை நன்கறிவர். மசகு வற்றிய மரச்சக்கர வண்டியை இழுக்க மாடுகள் திணறும். பேரிங் பொருத்திய டயர்வண்டியோ அதே சுமையுடன் எளிதாக நகரும். சுமையும் மாறவில்லை, மாடுகளும் மாறவில்லை. உராய்வு மட்டுமே குறைந்தது.

தள்ளுவதை நிறுத்தினால் இயக்கமும் நின்றுவிடும் என்றே மாந்தர் நெடுங்காலம் எண்ணினர். நிறுத்துவது உராய்வு என்பதை உணர்ந்தவர்களுள் கலிலியோ முதன்மையானவர். சாய்ந்த மரச்சட்டத்தில் பள்ளம் வெட்டி, அதனுள் வழவழப்பான தோல்தாளை ஒட்டி, உருண்டையான வெண்கலக் குண்டை உருட்டியதாக 1638இல் வெளிவந்த தம் நூலில் அவர் கூறுகிறார். விதியைக் காணுமுன் அவர் தடத்தைச் செம்மைப்படுத்தினார்.

காற்றுத் தடம்

இன்றைய ஆய்வகத்தில் அப்பணியைக் காற்றுத் தடம் செய்கிறது. உள்ளீடற்ற நீண்ட உலோகக் குழாயின் மேற்பரப்பில் சிறு துளைகள் வரிசையாக இருக்கும். ஊதுகருவி செலுத்தும் காற்று அவற்றின் வழியே வெளியேறி மெல்லிய படலமாகும். அதன்மேல் மிதக்கும் வழுக்கி, தடத்தைத் தொடாமலே செல்லும்.

முதலில் தடத்தின் நடுவே வழுக்கியை அசைவின்றி விட வேண்டும். அது ஒரு பக்கம் நகர்ந்தால் அப்பக்கம் தாழ்ந்துள்ளது என்பது பொருள். தாங்குகாலின் திருகைத் திருப்பிச் சமன்செய்ய வேண்டும். வேறு இடங்களிலும் விட்டுச் சோதிக்க வேண்டும். துளைகளில் தூசி அடைத்திருத்தல் ஆகாது. காற்று நின்றபின் வழுக்கியைத் தள்ளினால் பரப்பில் கீறல் விழும்.

கேரம் பலகை

காற்றுத் தடம் இல்லாத பள்ளியிலும் மோதலை ஆராயலாம். கொத்தனாரின் ரசமட்டத்தால் கேரம் பலகையைச் சமன்செய்து, பவுடரைச் சீராகத் தூவினால் போதும். நின்றிருக்கும் காயின்மீது மற்றொரு காயை நேர்க்கோட்டில் மோதவிட்டால், வந்த காய் ஏறத்தாழ நின்றுவிடும். நின்ற காய் புறப்படும். சாய்வாக மோதினால் இரண்டும் ஏறத்தாழச் செங்கோணத்தில் பிரியும். காயைவிட நிறை மிகுந்த ஸ்ட்ரைக்கர் நேராக மோதினாலோ, நில்லாமல் முன்னேறும். நிறையே இவ்வேறுபாட்டிற்குக் காரணம்.

தெரியுமா?
கேரம் ஆட்டத்தில் உலகச் சாம்பியனான தமிழ்நாட்டு வீரர் மரிய இருதயம், அர்ஜுனா விருது பெற்றவர்.

அழிக்கக் கூடாத எண்

தலா 200 கிராம் நிறையுள்ள இரு வழுக்கிகளைக் கொள்வோம். நொடிக்கு 60 செ.மீ. வேகத்தில் வரும் ஒன்று, நிற்கும் மற்றொன்றுடன் மோதி ஒட்டிக்கொள்கிறது. உந்தம் மாறாமையால் இரண்டும் சேர்ந்து 30 செ.மீ. வேகத்தில் செல்ல வேண்டும். இயக்க ஆற்றலோ 0.036 ஜூலிலிருந்து 0.018 ஜூலாகக் குறையும். உராய்வே இல்லாவிடினும் இப்பாதி வெப்பமாகவும் ஒலியாகவும் உருமாற்றமாகவும் மாறிவிடும்.

ஆனால், மாணவர் அளந்தபோது 27 கிடைக்கிறது எனக் கொள்வோம். அதனை அழித்து 30 என எழுதக் கை துடிக்கும். எழுதினால் மதிப்பெண் கிடைக்கலாம்; அறிவு கிடைக்காது. குறைந்த 3 செ.மீ.தான் வினா எழுப்புகிறது. தடம் சாய்ந்துள்ளதா? துளை அடைத்துள்ளதா? மோதிய இடத்திற்கு வெகுதொலைவில் அளந்தோமா? குறையைத் திருத்தி மீண்டும் அளந்தால் 27 என்பது 30ஐ நெருங்கும். அந்த நெருக்கமே மாணவர் தம் உழைப்பால் கண்ட விதி.

உராய்வை முற்றிலும் நீக்கிய கருவி எங்கும் இல்லை. எஞ்சிய உராய்வை ஒளிக்காமல் எழுதும் குறிப்பேடு எல்லாப் பள்ளியிலும் இருக்க முடியும்.

கற்பவை கற்றபின்

1. பழைய குறுந்தகட்டின் நடுத்துளைமேல், துளையிட்ட பாட்டில் மூடியை ஒட்டி, ஊதிய பலூனை மூடியில் மாட்டுக. வழவழப்பான தரையில் தகட்டைத் தள்ளி, பலூன் இருக்கும்போதும் இல்லாதபோதும் அது செல்லும் தொலைவை ஒப்பிட்டு எழுதுக.
2. 'பிழையான அளவீடும் ஆசிரியரே' என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.