வலிப்பு மாத்திரையும் வயிற்றுப் பிள்ளையும்

கேள்வி: எனக்கு வயது 25. பள்ளியில் படிக்கும்போதிருந்தே வலிப்புக்கு சோடியம் வால்ப்ரோயேட் மாத்திரை சாப்பிடுகிறேன். இரண்டு வருடமாக வலிப்பு வரவில்லை. இப்போது குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கிறோம். இந்த மாத்திரை பிள்ளையின் மூளையைப் பாதிக்கும் என்கிறார்கள். ஆனால் இதையே சாப்பிட்ட என் சித்தி மகளின் பையன் நன்றாகப் படிக்கிறான். குறை இருந்தால் ஸ்கேனில் தெரிந்துவிடாதா? எதற்கு வம்பு என்று மாத்திரையை நிறுத்திவிடலாமா?

– ஒரு வாசகி, மதுரை

பதில்: மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அதே மாத்திரையோடு கருத்தரிக்க அவசரப்படவும் வேண்டாம். மருந்தை மாற்ற முடியுமா என்று பார்க்க வேண்டும். அதைக் கர்ப்பத்துக்கு முன்பே செய்துவிட வேண்டும். ஸ்கேனில் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பது ஏன் உதவாது என்று சொல்கிறேன். கருவின் முதுகுத்தண்டுக் குழல் கருத்தரித்த 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. நாள் தள்ளிப்போனதைப் பல பெண்கள் கவனிக்கும் முன்பே அந்தக் கட்டம் முடிந்துவிடும். வால்ப்ரோயேட் எடுத்த தாய்மார்களின் குழந்தைகளில் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில் முதுகுத்தண்டு, இதயம், உதடு, அண்ணம் போன்றவற்றில் பிறவிக் குறையோடு பிறக்கிறார்கள். அவற்றில் பலவற்றை ஸ்கேன் காட்டிவிடும். மூளையோ ஒன்பது மாதமும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. அந்த வளர்ச்சியில் நேரும் நுட்பமான மாற்றம் எந்த ஸ்கேனிலும் தெரியாது. மூன்று வயதில் பேச்சு தாமதப்படுவதிலும், வகுப்பில் ஒரு இடத்தில் உட்கார முடியாமல் தவிப்பதிலும், மற்ற பிள்ளைகளோடு ஒட்டாமல் ஒதுங்குவதிலும்தான் அது வெளிப்படுகிறது. ஐரோப்பிய மருந்து முகமையின் மதிப்பீட்டில், இந்த மருந்துக்கு உட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 30 முதல் 40 பேருக்கு ஏதோ ஒரு வளர்ச்சிச் சிக்கல் இருக்கிறது.

‘இந்தச் சிக்கல் தாயின் நோயால் வந்ததாக இருக்கலாமே, மருந்தின் மேல் ஏன் பழி?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதனால்தான் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நடந்த நீண்டகால ஆய்வொன்று வலிப்பு உள்ள தாய்மார்களையே எடுத்துக்கொண்டு, மருந்துக்கு மருந்து ஒப்பிட்டது. பிள்ளைகளுக்கு ஆறு வயதானபோது சராசரி ஐ.க்யூ., லாமோட்ரிஜின் குழுவில் 108, கார்பமசெபைன் குழுவில் 105, வால்ப்ரோயேட் குழுவில் 97. வால்ப்ரோயேட்டின் அளவு கூடக்கூட மதிப்பெண் இறங்கியது. டென்மார்க்கில் 1996 முதல் 2006 வரை பிறந்த ஆறரை லட்சம் குழந்தைகளின் பதிவுகளை அலசியதில், ஆட்டிசம் வகைக் குறைபாடு பொதுவாக 1.5 சதவீதம், வால்ப்ரோயேட்டுக்கு உட்பட்டவர்களில் 4.4 சதவீதம். வலிப்புள்ள தாய்மார்களை மட்டும் தனியே பார்த்தபோதும், இந்த மருந்து எடுக்காதவர்களின் பிள்ளைகளில் 2.4, எடுத்தவர்களின் பிள்ளைகளில் 4.2 என்று வேறுபாடு நின்றது. வலிப்பே இல்லாத சினை எலிக்கு 12-ஆம் நாளையொட்டி இம்மருந்தை ஒரே ஒருமுறை கொடுத்தாலும், பிறக்கும் குட்டிகள் மற்ற எலிகளை அதிகம் நாடுவதில்லை, ஒரே செய்கையைத் திரும்பத் திரும்பச் செய்கின்றன. கொடுக்கும் அளவு மிக அதிகம் என்பதால் எலிக் கணக்கை மனிதருக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் எல்லாவற்றையும் நோயின் தலையில் கட்டிவிட முடியாது என்பதற்கு அது போதும்.

உங்கள் சித்தி மகளின் பையன் பேச்சுக்கு வருவோம். அவன் நன்றாகப் படிப்பது இந்தக் கணக்குக்கு எதிரானதல்ல. 4.4 சதவீதம் என்றால் நூற்றில் 95 பேருக்கு மேல் ஆட்டிசம் இல்லாமல் வளர்கிறார்கள் என்றுதான் பொருள். ஒரு பிள்ளை தப்பியதை வைத்து மருந்து பாதுகாப்பானது என்றோ, ஒரு பிள்ளைக்குச் சிக்கல் வந்ததை வைத்து மாத்திரை சாப்பிட்ட தாயே குற்றவாளி என்றோ முடிவுகட்டக் கூடாது. ஆபத்து கூடுகிறதா, அதைக் குறைக்க வழி உண்டா என்பதுதான் கேட்க வேண்டியது. இரண்டுக்கும் பதில், ஆம்.

‘அப்படியானால் நிறுத்துவதுதானே சரி?’ இல்லை. திடீரென்று நிறுத்தினால் விடாமல் தொடரும் வலிப்பு வரலாம். அது தாயின் உயிருக்கும் கருவின் உயிருக்கும் ஆபத்து. மாற்று மருந்துகளில் லாமோட்ரிஜின், லெவெடிராசெட்டம் ஆகிய இரண்டைப் பற்றியும் இதுவரை வந்துள்ள சான்றுகள் நம்பிக்கை தருகின்றன. எல்லாப் புது மருந்தும் அப்படியல்ல. டோபிரமேட்டுக்கும் எச்சரிக்கை வந்துவிட்டது. புது மருந்துக்கு மாறி வலிப்பு கட்டுக்குள் நிற்கிறதா என்று பார்க்க மாதங்கள் ஆகும், அதுவரை நம்பகமான கருத்தடை அவசியம். லாமோட்ரிஜின் கர்ப்பத்தில் இரத்தத்தில் குறைந்துவிடும் என்பதால் அளவைச் சரிபார்த்துக்கொண்டே போக வேண்டும். கருத்தரிக்கும் முன்பிருந்தே ஃபோலிக் அமில மாத்திரை வேண்டும். மேலே சொன்ன அமெரிக்க–பிரிட்டன் ஆய்வில் அதை எடுத்த தாய்மார்களின் பிள்ளைகளுக்கு ஐ.க்யூ. சுமார் ஏழு புள்ளி கூடுதல். ஆனால் வால்ப்ரோயேட்டின் ஆபத்தை அது முழுக்கத் துடைத்துவிடாது. சில வகை வலிப்புக்கு வால்ப்ரோயேட் மட்டுமே கேட்கும். அங்கே விஷயத்தைத் தெரிந்துகொண்டு, மிகக் குறைந்த அளவில் தொடர்வதும் சரியான முடிவே. மாற்றுவதற்குள் கரு உண்டாகிவிட்டால், மாத்திரையை விடாமல் உடனே மருத்துவரிடம் போங்கள்.

திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா திருநாள் நிலையத்தில் 1998 முதல் இயங்கும் வலிப்பு–கர்ப்பப் பதிவேடு காட்டுவது இதுதான்: வலிப்புள்ள பெண்களில் பெரும்பாலோர் ஆரோக்கியமான குழந்தை பெறுகிறார்கள். எனவே இந்த மாதமே நரம்பியல் மருத்துவரிடம் மூன்றைக் கேளுங்கள்: என் வலிப்பு எந்த வகை, அதற்கு வேறு மருந்து கேட்குமா, மாற்றி எத்தனை மாதம் கழித்துக் கருத்தரிக்கலாம்.