ஆதரவு நின்ற கணினியும் நம் கணக்கும்



அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரக் கடைகளில் பில் போடும் கணினிகளில் எட்டு, பத்து வருடம் உழைத்தவை பல உண்டு. அவற்றில் ஓடுவது விண்டோஸ் 7 அல்லது விண்டோஸ் 10. மைக்ரோசாப்ட் நிறுவனம் முன்னதற்கு 2020 ஜனவரி 14-லும், பின்னதற்கு 2025 அக்டோபர் 14-லும் ஆதரவை நிறுத்திவிட்டது. "மிஷின் நன்றாகத்தானே ஓடுகிறது, எதற்கு மாற்ற வேண்டும்?" என்று நம்மவர்கள் கேட்பது நியாயமே. அதற்கு விடை காண்போம்.

ஆதரவு நிற்பது என்றால் என்ன?

கணினி நின்றுவிடாது. பில் வரும், பிரிண்டரும் ஓடும். பாதுகாப்புத் திருத்தங்கள்தாம் நின்றுபோகும். விண்டோஸில் புதிய ஓட்டைகள் மாதந்தோறும் தெரியவருகின்றன. ஆதரவு உள்ளவரை நிறுவனம் அவற்றை அடைத்துக் கொடுக்கும்; பிறகு அடைப்பார் இல்லை. மேலும், விண்டோஸ் 11-க்குத் திருத்தம் வெளியானதும் திருடர்கள் அதைப் பிரித்து ஆராய்ந்து ஓட்டை எங்கே இருந்தது என்று கண்டுகொள்கிறார்கள். அதே ஓட்டை பழைய விண்டோஸிலும் இருந்தால், அங்கே அது திறந்தே கிடக்கும்.

2017 தந்த பாடம்

விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-ல் ஆதரவு நின்றது. 2017 மார்ச்சில் ஒரு பெரிய ஓட்டைக்கு மைக்ரோசாப்ட் திருத்தம் வெளியிட்டது. இரண்டே மாதத்தில், மே 12-ல், அதே ஓட்டை வழியாக வன்னாக்ரை என்னும் வைரஸ் உலகெங்கும் பரவியது. கணக்குகளையெல்லாம் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் மதிப்புக்கு பிட்காயின் கேட்டது. யாரும் எதையும் கிளிக் செய்யாமலே கணினிக்குக் கணினி தாவியது. ஆந்திர காவல்துறைக் கணினிகளும் திருப்பதி தேவஸ்தான அலுவலகக் கணினிகள் சிலவும் பாதிக்கப்பட்டன. நமக்கு அருகே ஒரகடத்தில் உள்ள கார் தொழிற்சாலையும் தப்பவில்லை. சிக்கியவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். அப்போது அதற்கு ஆதரவு இருந்தது, திருத்தமும் வந்திருந்தது. போட்டுக்கொள்ளாததே குறை. திருத்தம் இனி வரவே வராது என்றால் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

நமக்கு என்ன நஷ்டம்?

நம் கணினியில் இருப்பது வெறும் பில் அல்ல. எந்தக் கடைக்காரர் எவ்வளவு பாக்கி என்ற விவரம் முழுவதும் அதில்தான். அது போனால் வசூலும் போயிற்று. ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும் என்பதையும் மறக்கலாகாது.

செய்ய வேண்டியவை

1. செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் அபௌட் என்ற இடத்தில் எந்த விண்டோஸ் என்று பாருங்கள். விண்டோஸ் 10 என்றால் 11-க்கு மாற முடியுமா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். 2017-க்கு முன் வந்த கணினிகளில் பெரும்பாலானவை அதற்குத் தகுதி பெறா.

2. மாற்ற இயலாத கணினியை இன்டர்நெட்டிலிருந்து கழற்றி, பில், ஸ்டாக், பேரேட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். கடையின் மற்ற கணினிகளோடும் இணைக்க வேண்டாம். பேங்க், ஜி.எஸ்.டி., ஈமெயில் ஆகியவற்றை ஆதரவு உள்ள வேறு கணினியில் பாருங்கள். குரோம் பிரவுசரும் 2023 பிப்ரவரி முதல் விண்டோஸ் 7-க்குப் புதுப் பதிப்பு தருவதில்லை.

3. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்கள் 2023 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்ஸ் போட வேண்டியவர்கள். பில் போடும் கணினிக்கே நெட் தேவைப்படுவதால், இவர்களுக்குப் புதுக் கணினியே வழி. அதைக் கடைச் செலவில் ஒன்றாக எண்ணுங்கள்.

4. நெட்டைக் கழற்றினாலும் பென் டிரைவ் வழியே வைரஸ் வரும். கணக்கை எடுத்துச் செல்லத் தனியாக ஒரு பென் டிரைவ் வையுங்கள். பையன்கள் பாட்டு ஏற்றும் பென் டிரைவ் அதில் படவே கூடாது.

5. தினமும் கடை கட்டும் முன் கணக்குக்கு நகல் எடுங்கள். இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளை நாள் மாற்றி நாள் பயன்படுத்தி, எடுத்ததும் கழற்றி ஒன்றை வீட்டில் வையுங்கள். மாட்டியே வைத்த நகலையும் வைரஸ் பூட்டிவிடும். மாதம் ஒரு முறை அந்த நகலை வேறு கணினியில் திறந்து பார்ப்பது அவசியம். திறக்காத நகல் இருந்தும் இல்லாததே.

லினக்ஸ் உதவுமா?

எக்ஸ்பிக்கு ஆதரவு நின்ற 2014-ல், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸுக்கு மாறும்படி தமிழக அரசு தன் துறைகளுக்குச் சொன்னது. கடிதம் எழுதவும் இணையம் பார்க்கவும் பழைய கணினிக்கு லினக்ஸ் போதும், விலையும் இல்லை. ஆனால் நாம் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள்கள் பல விண்டோஸுக்கென்றே செய்யப்பட்டவை. விசாரித்துவிட்டு மாறுங்கள்.

மீறி வைரஸ் பூட்டிவிட்டால், முதலில் நெட் ஒயரைப் பிடுங்குங்கள். கேட்ட பணத்தைக் கட்டாதீர்கள். கட்டினாலும் கணக்கு திரும்பும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சைபர் குற்ற உதவி எண் 1930-க்குச் சொல்லி, ஆவடி காவல் ஆணையரகத்தின் சைபர் குற்றப் பிரிவிலும் புகார் கொடுங்கள். நகல் கைவசம் இருந்தால் மறுநாளே கடை நடத்தலாம். ஆகவே புதுக் கணினி வாங்குவதை அடுத்த மாதம் தீர்மானித்தாலும், நகல் எடுப்பதை இன்றிரவே தொடங்குங்கள்.