மயில் கழுத்து ஏன் ஊதாவானது

அன்புள்ள தம்பிக்கு,

நீ வடிவமைத்த முருகன் காலண்டரை நாலு நாளாக எதிரே மாட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். திரையின் ஆர்ஜிபி என்றால் என்ன, அச்சின் சிஎம்ஒய்கே என்றால் என்ன என்று உனக்குப் பாடம் நடத்தப் போவதில்லை. அதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்தும் மயில் கழுத்தைக் கத்தரிப்பூ நிறத்தில் விட்டுவிட்டாயே, அந்த ஆற்றாமையில்தான் எழுதுகிறேன்.

லூப் என்ற உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தேன். கழுத்தில் சயன் புள்ளியும் மெஜந்தா புள்ளியும் ஏறக்குறைய ஒரே பருமனில் உட்கார்ந்திருக்கின்றன. நடந்தது என்னவென்று அப்போதே தெரிந்துவிட்டது. திரையில் நீ வைத்தது சுத்த நீலம். சிவப்பு 0, பச்சை 0, நீலம் 255, அல்லது அதற்குப் பக்கத்தில் ஒன்று. ஃபோட்டோஷாப்பை நிறுவிய நாளிலிருந்து கலர் செட்டிங்கைத் தொடாமல் விட்டால், பெரும்பாலும் சிஎம்ஒய்கேக்கு அமெரிக்க ஸ்வாப் புரொஃபைல்தான் அதில் இருக்கும். அந்த நாட்டில் ரீல் காகிதத்தில் ஓடும் வெப் மெஷினுக்காக உருவானது அது. அதன் வழியாக அந்த நீலத்தை மாற்றினால் சயன் 88, மெஜந்தா 77 என்று வந்து நிற்கும். சயன் மை சிவப்பொளியை முழுதாக விழுங்குவதில்லை. மெஜந்தாவோ சிவப்பைத் தாராளமாகத் திருப்பி அனுப்பும். இரண்டும் சேர்ந்தால் காகிதத்தில் ஊதாதான் தெரியும்.

மெஷின்மேனைக் குறை சொல்லாதே. அவர் பிளேட்டில் இருந்ததைத்தான் ஓட்டினார்.

நீலம் வேண்டுமென்றால் சயனுக்கும் மெஜந்தாவுக்கும் நடுவே குறைந்தது 30 இடைவெளி வை. சயன் 100 என்றால் மெஜந்தாவை 60க்கு மேல் நான் விடவே மாட்டேன். மயில் கழுத்துக்கு அதையும் குறைத்து, மஞ்சளை ஒரு துளி தொட்டால் அந்தப் பச்சைச் சாயலும் வந்துவிடும். திரையில் இருந்த பளபளப்பு வராதுதான். திரை ஒளியால் காட்டும் நீலம் சயன், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைக்குள் கிடையாது. இல்லாததைத் தேடி மெஜந்தாவை ஏற்றுவதைவிட, இருப்பதில் நல்லதை நீயே தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தத் தேர்வை மென்பொருளிடம் விட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கல்லச்சுக் காலத்தில் இந்தத் தொல்லை குறைவு. ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல், தனி மை. வெளிர்நீலத்துக்கு ஒரு கல், அடர்நீலத்துக்கு இன்னொரு கல் என்று வைத்துக்கொள்வார்கள். கோவில்பட்டி கொண்டையராஜுவின் தெய்வப் படங்கள் நம் வீட்டுப் பூஜையறைகளில் எத்தனை வருடம் மாட்டியிருந்தன! அவர் 1976இல் மறைந்தார். அடுத்த வருடம் நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தின் கேமரா அறையில் உதவியாளாகச் சேர்ந்தேன். அதற்குள் நாலு கலர் ஆஃப்செட் வேரூன்றியிருந்தது. சிவப்பு ஃபில்டர் போட்டு எடுத்தால் சயன் நெகட்டிவ், பச்சை போட்டால் மெஜந்தா, நீலம் போட்டால் மஞ்சள். கணக்கு அவ்வளவுதான். ஆனால் கணக்குப்படி வந்த மெஜந்தாவை என் ஆசான் ஒருநாளும் அப்படியே விட்டதில்லை. பாசிட்டிவை விளக்குமேசையில் விரித்து, ஃபார்மர்ஸ் ரெட்யூசர் என்ற கரைசலில் தூரிகையை நனைத்து, கிருஷ்ணர் உடம்பிலும் மயில் கழுத்திலும் இருக்கும் மெஜந்தா புள்ளிகளை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப்பார். தொட வேண்டும், உடனே ஒற்றி எடுக்க வேண்டும். ஒரு நொடி கூடினால் புள்ளியே போய்விடும். அரை நாள் அந்த ஒரு கழுத்துக்கே போகும். ஃபோட்டோஷாப்பில் நீ கர்வை இழுத்தால் அரை நிமிடத்தில் முடிகிற வேலை அது. அதனால்தான் உன்மேல் கோபம் இரட்டிப்பாகிறது.

அடுத்தது கறுப்பு. ராகுகாலம், எமகண்டம் கட்டத்தில் இருக்கிற பொடி எழுத்தை லூப்பில் பார். நாலு மையும் தெரிகிறது. திரையின் கறுப்பை அதே ஸ்வாப் மாற்றினால் சயன் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90. கூட்டினால் 300. படத்தின் ஆழமான நிழலுக்கு, ஆர்ட் பேப்பரில், அது தாங்கும். செய்தித்தாள் காகிதமென்றால் 240ஐத் தாண்டக் கூடாது. எழுத்துக்கு எதற்கப்பா நாலு மை? மைகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் ரெஜிஸ்டர் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றிச் சிவப்பும் பச்சையுமாக நிழல் கட்டும். இங்கிலீஷ் எழுத்து ஓரளவு சமாளித்துக்கொள்ளும். நம் ‘ண’வும் ‘ஞ’வும் சமாளிக்காது, சுழிக்குள் மை புகுந்து கட்டியாகிவிடும். ‘எமகண்டம்’ என்ற சொல்லில் ‘ண்’ணைக் காணவில்லை, போய்ப் பார். எழுத்துக்குக் கறுப்பு 100, மற்ற மூன்றும் 0, மேலே ஓவர்பிரிண்ட். இதில் விதிவிலக்கே கிடையாது.

இவ்வளவுக்கும் காரணம் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். வேலையெல்லாம் முடித்த பிறகுதான் எந்தக் காகிதம், எந்த மெஷின் என்று கேட்டிருக்கிறாய். அல்லது கேட்கவே இல்லை. முதல் கோட்டைப் போடுவதற்கு முன்பு அச்சகத்துக்குப் போய் அந்தக் காகிதத்தில் ஒரு தாள் வாங்கி வா. ஆர்ட் பேப்பரில் மை மேலேயே நிற்கும். பூச்சில்லாத மேப்லித்தோ காகிதம் மையைக் குடித்துவிடும், புள்ளி பரந்து நிறம் மங்கும். அச்சகத்தில் சொந்த புரொஃபைல் இருந்தால் கேட்டு வாங்கு. இல்லாவிட்டால் ஆர்ட் பேப்பருக்கு நான் ஃபோக்ரா39 என்ற புரொஃபைலை வைத்துக்கொள்வேன். அதைப் புரூஃப் செட்டப்பில் கொடுத்து, காகித வெண்மையையும் காட்டச் சொல்லி, ஆரம்பத்திலிருந்தே அந்த மங்கலான திரையைப் பார்த்து வேலை செய். முதல் இரண்டு நாள் மனசு சோர்ந்துபோகும். பிறகு கண் பழகிவிடும்.

புரூஃபை எந்த வெளிச்சத்தில் பார்த்தாய்? இதைக் கேட்காமல் என்னால் கடிதத்தை முடிக்க முடியாது. சேலைக் கடையில் நம் பெண்கள் பிடித்த சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து வெயிலில் பார்ப்பார்களே, அவர்களுக்குத் தெரிந்தது அச்சகத்தில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. பல வருடங்களுக்கு முன்பு ஒரு பட்டுக்கடைக்கு கேட்லாக் அடித்தோம். எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் காஞ்சிபுரத்தில் வழங்கும் எம்.எஸ். நீலத்தில் ஒரு சேலை. ராத்திரி டியூப் லைட்டில் சேலையையும் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. கையெழுத்துப் போட்டு ஓட்டச் சொல்லிவிட்டேன். காலையில் கடை முதலாளி இரண்டையும் வாசலுக்கு எடுத்துப் போனார். சேலை நீலமாக இருந்தது, தாள் சாம்பல் படிந்து கிடந்தது. சாயம் வேறு, மை வேறு. ஒரு விளக்கில் ஒன்றுபோலத் தெரிபவை இன்னொரு விளக்கில் பிரிந்துவிடும். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, தாளை மடித்து என் கையில் கொடுத்தார். இன்றைக்கும் அது என்னை உறுத்துகிறது. அன்றிலிருந்து 5000 கெல்வின் விளக்கு இல்லாத இடத்தில் நான் எந்தப் புரூஃபிலும் கையெழுத்துப் போட்டதில்லை. அச்சுத் துறையின் உலகத் தரமும் டி50 என்ற அந்த ஒளியைத்தான் சொல்கிறது. விளக்கு வாங்கக் காசில்லை என்றால் பகல் பதினொரு மணிக்கு, நேர் வெயில் படாத வடக்கு ஜன்னலில் பார். சிவப்புச் சுவர் பக்கத்தில் நிற்காதே. கலர்ச் சட்டையும் வேண்டாம், சட்டையின் நிறம் தாளில் விழும்.

இவ்வளவு திட்டியவன் ஏன் இதை நாலு நாளாக மாட்டி வைத்திருக்கிறேன் என்று கேட்பாய். அந்த முகத்துக்காகத்தான். முருகனின் கன்னத்தில் வேலின் பொன்னொளி பட்டு, தாடை நிழலுக்குள் இறங்கிக் கரைகிற அந்த இடத்தை நீ எப்படிச் செய்தாய்? மஞ்சளும் மெஜந்தாவும் அங்கே கட்டவே இல்லை, சதை மூச்சு விடுகிறது. நாற்பது வருடத்தில் இப்படி ஒரு தோலை நான் இரண்டு மூன்று முறைதான் அச்சில் பார்த்திருக்கிறேன். என் ஆசான் இருந்திருந்தால் இதைக் கையில் வாங்கி வெகுநேரம் வைத்திருப்பார். இந்த முகத்துக்குக் கீழே அந்த ஊதாக் கழுத்து இருப்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

ஆடிப்பெருக்கன்று அடுத்த வருடக் காலண்டர் ஆல்பம் போடுவார்கள், இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது. இதே படத்தை மறுபடி எடுக்கச் சொல்லி அச்சக முதலாளியிடம் கேள். கழுத்தையும் எழுத்தையும் திருத்தி, ஓடப்போகிற காகிதத்திலேயே ஒரு புரூஃப் எடுத்து, சுருட்டாமல் தட்டையாகக் கொண்டு வா. சாயங்காலம் கொண்டுவர வேண்டாம். காலையில் வா, வடக்கு ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
சிவகாசியிலிருந்து அண்ணாச்சி