கைக்குழந்தையோடு வொண்டர்லாவா?

கேள்வி: அரையாண்டு லீவில் திருப்போரூர் பக்கம் இருக்கும் வொண்டர்லாவுக்குப் போயே ஆக வேண்டும் என்று மூத்தவர்கள் இருவரும் (11, 8 வயது) ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். சின்னவளுக்கு 5 மாதம். எல்லோரும் போகலாமா?
– ஒரு வாசகி, சேலையூர்

பதில்: போகலாம், கூடவே பாட்டியோ சித்தியோ வந்தால். ராட்டினங்களில் உயரம் பார்த்துத்தான் ஏற்றுவார்கள். பாப்பாவுக்கு அங்கே வேலையே இல்லை. பெரியவர் ஒருவர் அவளோடு நிழலில் உட்கார்ந்தே ஆக வேண்டும். (அது எப்போதும் அம்மாதானா? அப்பாவும் முறை வைத்து உட்காரட்டும்.) இந்த வயதில் குளோரின் தண்ணீரில் இறக்காதீர்கள். வெயிலுக்குத் தண்ணீர் புகட்டவும் வேண்டாம், தாய்ப்பாலையே அடிக்கடி கொடுங்கள். வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் நெரிசல் கூடுமுன் கிளம்பிவிடுங்கள்.

1995-ல் தாம்பரம் பக்கமே கிஷ்கிந்தா கேளிக்கைப் பூங்கா திறந்தபோது தாம்பரத்துக்காரர்களுக்கு இந்த அலைச்சல் இல்லை. இன்றும் வண்டலூர் உயிரியல் பூங்கா பக்கத்தில்தான்: மரநிழல் உண்டு, பேட்டரி வண்டி உண்டு, செவ்வாய் மட்டும் விடுமுறை. ஐவரும் சேர்ந்து போக அதுதான் சரி. வொண்டர்லாவுக்கு மூத்தவர்களை அப்பாவோடு அனுப்பிவிட்டு, நீங்களும் பாப்பாவும் வீட்டில் நன்றாகத் தூங்குங்கள்.